இரத்மலானை வேறு, கட்டுநாயக்கா வேறு

“ஒரு மணித்தியாலம் எண்டு நீங்கதானே சொன்னீங்க, தங்கச்சி? அதை நம்பிப் போய் என்ட மருமகன் குவைத் பிளேனை விட்டுட்டு நிக்கிறான்.”

கிண்ணியா காதர் நானா எங்கள் விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு கேட்டார். விமானச் சீட்டுப் பதிந்து கொடுப்பது என் கணவர்; ஏச்சு வாங்குவது நான். இப்படி ஒரு தொழில்காரரைக் கட்டிய சகோதரிகளுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

ஒரு மணித்தியாலம்

எங்கள் ஊர் விமானத்தளமான சீனன்குடாவில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் இரத்மலானை. அதில் பொய்யில்லை. ஆனால் வெளிநாட்டு விமானங்கள் நிற்பது கட்டுநாயக்காவில். நடுவில் கொழும்புப் பட்டணம் முழுவதும் கிடக்கிறது. மருமகன் இரத்மலானையில் இறங்கி, குவைத் விமானம் எந்தப் பக்கம் என்று தேடியிருக்கிறார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல் என்று கான்வென்டில் சிஸ்டர்மார் பழக்கிய வாய் என்னுடையது. அவர் கேட்காததை நானும் சொல்லவில்லை. நானா எழும்பிப் போகும்போது திரும்பிப் பார்த்தார்.

“உங்கட பிள்ளையெண்டா சொல்லியிருப்பீங்க.”

பென்சன்காரரின் கணக்கு

அன்றிலிருந்து வெளிநாடு போகிற எல்லாரையும் முதல் நாளே கொழும்புக்குக் கலைத்தேன். கொழும்போடு நிற்பவர்களையும் விடவில்லை. மகனைப் பார்க்கப் புறப்பட்ட லிங்கநகர் பென்சன்காரரை, இரண்டு மணித்தியாலம் முந்தியே சீனன்குடாவில் நிற்கச் சொன்னேன். மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“பறக்கிறது ஒரு மணித்தியாலம், குந்தியிருக்கிறது ரெண்டு. அப்ப சீட்டு எதுக்குப் பிள்ளை, பறக்கவோ குந்தவோ?”

ஒரு இரவு

பிறகு என் மகள் றஞ்சிக்கு லண்டனில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. முதல் நாளே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார் கணவர். மறித்தது நான். இன்னும் ஒரு இரவு என் பக்கத்தில் படுக்கட்டும், ஒரு மணித்தியாலம்தானே என்றேன். லண்டன் விமானம் பின்னேரம் இரண்டு மணிக்கு. காலை எட்டுக்குச் சீனன்குடாவில் கிளம்பவேண்டிய விமானம் மழையால் பிந்தி, பதினொன்றாகியும் அசையவில்லை. றஞ்சி பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடன் போகும் கணவர், கடைசியில் ஏறக் கூப்பிட்டபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நீர் ஒரு இரவு கேட்டீர். இப்ப அவள் கொழும்பு முழுக்க ஓடப்போறாள்.”

முதல் நாளே போங்கள் என்று ஊருக்கெல்லாம் ஓதியவள் தன் பிள்ளையை மட்டும் அன்றைக்கே அனுப்பினால், அதற்குப் பெயர் பாசமா கொழுப்பா என்று நீங்களே சொல்லுங்கள். மூன்று மணிக்குத்தான் கட்டுநாயக்காவுக்குப் பதிந்துவைத்த ட்ரங் கோல் கிடைத்தது. மறுமுனையில் யாரோ எடுத்து, வைக்காமலே எங்கோ போய்விட்டார்கள். நான் அந்த இரைச்சலிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஹலோ, கட்டுநாயக்காவோ? லண்டன் பிளேனில றஞ்சி எண்டொரு பிள்ளை ஏறிட்டாளோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ.”