என் மனைவியின் இனிஷியல்

கொரோனாவின் இரண்டாம் அலை அடங்கிக்கொண்டிருந்த ஆடி மாதம் அது. கேரளாவில், புனலூரில் இருக்கும் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாமனார் காலத்திலேயே அங்கே போய்ப் பலசரக்குக் கடை வைத்த குடும்பம். மச்சினன் ஒருத்தன்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டான். இங்கே பேட்டையில் என் மனைவியால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. செல்லை எடுப்பாள், வைப்பாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள்.

கேரளாவுக்குள் போக பாஸ் வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை முடிவு வேண்டும். இருபத்துநாலு மணி நேரத்தில் திரும்பிவிட்டால் தனிமைப்படுத்த மாட்டார்கள் என்றார்கள். வாரத்துக்கு ஒரு விதி மாறிக்கொண்டிருந்ததால், யார் சொல்வதை நம்புவது என்றும் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் மகளுக்குமாக விண்ணப்பம் போட்டது நான்தான். லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் தெனாவட்டில் யாரையும் சரிபார்க்கச் சொல்லவில்லை.

பரிசோதனை முடிவு வருவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்பினோம். தென்காசி தாண்டும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. புளியரையில், நம் பக்கத்துச் சாவடியில், வண்டி நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். மலையைத் தாண்டி, கேரளச் சோதனைச் சாவடிக்குப் போகும்போது மணி ஒன்பதரை.

அங்கிருந்த போலீஸ்காரர் என் மனைவியின் ஆதாரையும் பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஆதாரில் எஸ். பாஸில் கே. இது வேறே ஆள் அல்லே?” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். என் பெயரின் முதலெழுத்தை அவள் பெயருக்கு முன்னால் போட்டிருந்தேன். அவளோ கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றவே இல்லை. ஆதாரில் அவள் அப்பாவின் எழுத்துதான் இருந்தது. பதினாலு வருஷம் கூட இருந்தும் எனக்கு அது தெரியாது.

“ஒரே ஆளுதான் சார். எழுதுனது என் தப்பு” என்றேன்.

“திருத்திட்டு வரட்டும். மத்தவங்க போலாம்.”

ஓரமாக ஒரு கொட்டகையில் உதவிக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். மழையில் கரண்ட் போயிருந்தது. எப்போது வரும் என்று அங்கே உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியவில்லை. எல்லாருமாகத் திரும்பிவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

“அம்மா மூணு நாளா சரியாச் சாப்பிடல. பிள்ளையப் பாத்தாலாவது ரெண்டு வாய் சாப்பிடுவா. நீங்க போங்க. நான் இங்கன இருக்கேன்.”

“உன்ன ஒத்தையில எப்படி விட்டுட்டுப் போறது?”

“போங்கன்னா போங்க.”

தென்மலைக் காட்டுக்குள் வண்டி ஓட்டும்போது மகள் இரண்டு தடவை கேட்டாள், அம்மா எப்போ வருவாள் என்று. வந்துவிடுவாள் என்று மட்டும் சொன்னேன்.

மாமியார் கட்டிலில் படுத்தபடியே என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். “மாப்பிள்ளை, அவ வண்டில இருக்காளா?”

“செக்போஸ்ட்ல நிக்கா அத்தை. பேரத் தப்பா எழுதிட்டேன்.”

அவர் பேத்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்ட, நாலைந்து கரண்டி குடித்தார். எனக்கு அந்த அறையில் இருப்புக் கொள்ளவில்லை. மச்சினன் கொடுத்த சாயா கையிலேயே ஆறியது.

ஒரு மணிக்கு மேல், கரண்ட் வந்துவிட்டதாக என் மனைவி சாவடியிலிருந்து செல்லில் கூப்பிட்டாள். திருத்துவதற்கு என் செல்லுக்கு வரும் ஓடிபி வேண்டுமாம். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மொட்டை மாடிக்கு ஓடினேன். முதல் ஓடிபி வந்தது. நாலு எண் சொல்வதற்குள் பேச்சு அறுந்துவிட்டது. இரண்டாவது வந்து சேர்ந்தபோது அதற்கான நேரம் முடிந்திருந்தது. மூன்றாவதுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, நனைந்தபடி நின்றேன்.

“பையப் பையச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்லுதேன்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாஸ் வந்தபோது மணி மூன்றே கால். நான் சாவடிக்குப் போய்ச் சேர நாலாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலையின் கீழ்ப்பாதி நனைந்து ஒட்டியிருந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.

“அம்மா சாப்பிட்டாளா?”

“கஞ்சி குடிச்சாங்க.”

பாதி வழியில், சேலை நுனியைப் பிழிந்தபடியே சொன்னாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“ஆமா” என்றேன்.

அன்று அவள் அம்மாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. மறுநாள் காலை ஏழு மணியிலிருந்தே எனக்குப் பதற்றம் தொடங்கிவிட்டது. ஒன்பதரைக்குள் சாவடியைத் தாண்டாவிட்டால் எனக்கும் மகளுக்கும் தனிமைதான். வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். உள்ளே அவள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிக்கு எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

“நேரமாச்சு” என்றேன்.

“எனக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நேரமிருக்கு.”

உண்மைதான். அவள் உள்ளே வந்த நேரம் வேறு. ஆனால் பஸ் ஓடவில்லை. எங்கள் வண்டியை விட்டால் அவள் திரும்ப வழியில்லை.

மாமியார்தான் அவள் கையிலிருந்து சீப்பை வாங்கினார். “போதும்ட்டி. மாப்பிள்ளை நிக்க முடியாம நிக்காரு பாரு. போயிட்டு வா.”

“நீங்க வண்டில போயி உக்காருங்க” என்றாள் என்னிடம். “சடையப் பின்னிட்டு வருதேன்.”

மகளைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தேன். இன்ஜினைப் போட்டேன். பிறகு அணைத்துவிட்டேன்.