குரூப்பில் போட்டால் சொன்னதாகுமா?

போன வருடம் ஆடிச் சாரல் நேரத்தில், போடிமெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் ஆரம்பித்தது அது. வேலையாட்களுக்கு டீ கொண்டுபோன என் மனைவி, பாசி பிடித்த பாறையில் வழுக்கி ஓடை வரைக்கும் உருண்டுவிட்டாள். வெளியே பெரிய காயமில்லை, ஆனால் முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஜீப்பில் ஏற்றி வளைவுகளில் இறங்கும்போது, "வெரசா போங்கண்ணே" என்றும் "ஐயோ மெதுவாண்ணே" என்றும் மாற்றி மாற்றிக் கத்தியே டிரைவரைப் படுத்தி எடுத்துவிட்டேன்.

தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும், ரத்தம் கொடுக்க மூன்று பேர் வேண்டும் என்றார் டாக்டர். நான் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவன், என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். ஜீப் டிரைவர் கையை நீட்டினார். இன்னும் இரண்டு பேர்.

போனை எடுத்தேன். யாருக்கு முதலில் சொல்வது?

சிரிக்காதீர்கள். மகளின் கல்யாணப் பேச்சை என் மனைவியின் அண்ணனிடம் முதலில் சொல்லிவிட்டேன் என்று, ராசிங்காபுரத்தில் இருக்கும் என் அண்ணன் அன்றுமுதல் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. மச்சானோடும் பேச்சை நிறுத்திவிட்டார். இப்போது அண்ணனை முதலில் கூப்பிட்டால், அவளோடு கூடப்பிறந்த எனக்கு அப்புறம்தானா என்று மச்சான் முறுக்கிக்கொள்வார். ஒரு பேரைத் தொடப் போவேன், விரல் பின்வாங்கும். அடுத்த பேர், அதற்கும் அதே கதி.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி பெயர், ரத்தம் வேண்டும் என்பது, எல்லாம். யாருக்கும் முன்னுமில்லை, பின்னுமில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பட்டியலில் பெயர் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று பேர் கும்பிடுகிற கை படம் போட்டார்கள். ஒரு போன் வரவில்லை, ஒரு ஆள் வரவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, ரத்தம் கொடுக்க ஆள் வந்தாச்சா என்று கேட்டார்.

டென்மார்க்கில் இருக்கும் மகள்தான் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "யாருப்பா வந்திருக்கா?" என்றாள்.

"யாரும் வரலத்தா."

போன வாரம்தான் அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்து வீட்டு அம்மாவிடம், நெருங்கியவர்களோடு உள்ள உறவில் எவ்வளவு திருப்தி, பத்துக்கு எத்தனை என்று யாரோ கணக்கெடுப்பில் கேட்டார்களாம். அந்த அம்மா ஒன்பது போட்டாராம். அவருக்கு இருப்பதே ஒரு தங்கையும் இரண்டு சிநேகிதிகளும். "மூணு பேருக்கு ஒம்பதா? மண்டபம் கொள்ளாத சொந்தம் வச்சிருக்கவன், நான் நூறு போடுவேன்" என்று சிரித்தேன். அந்த மண்டபக் கூட்டம் ஞாபகம் வந்து இப்போது வயிறு எரிந்தது.

மகளும் அந்த அம்மாவைத்தான் சொன்னாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, வரவான்னு கேட்டாக. வேணாம்னேன், போயிட்டாக. மறுநாள் கூப்பிட்டேன், கஞ்சி மாதிரி ஒண்ணு வச்சுக் கொண்டாந்தாக. கோவமே இல்லப்பா. நீங்களும் கூப்பிடுங்களேன்!"

அதற்குள் நர்ஸ் வந்து மறுபடி கேட்டார். எனக்கு வெறி பிடித்துவிட்டது. ரோட்டில் போகிறவன் காலிலாவது விழுந்து இரண்டு பேரைக் கூட்டிவருவோம் என்று படியிறங்கி ஓடினேன்.

எதிர்த்தாற்போல் டீக்கடை. ஒரு பெஞ்சில் என் அண்ணன், பக்கத்தில் அவருடைய இரண்டு பையன்கள். இன்னொரு பெஞ்சில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மச்சான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார், காலில் செருப்பில்லை. செய்தி பார்த்ததும் ஓடிவந்திருக்கிறார்கள். வந்து வெகுநேரம் ஆகிவிட்டதாம்.

"மேல வர்றதுக்கு என்ன?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"குரூப்புல போட்டா சொன்னதாகுமாடா? கூப்பிடாம நான் எப்பிடி வர்றது?" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது.

"ஒரு போனு, மாப்ளே. ஒரே ஒரு போனு" என்றார் மச்சான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நேரத்திலும், யார் கையை முதலில் பிடிப்பது என்று ஒரு கணம் தயங்கினேன் பாருங்கள்! பிறகு இரண்டு கையாலும் இரண்டு பேரையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தேன். அதற்காகவே காத்திருந்தவர்கள்போல என்னை முந்திக்கொண்டு படியேறினார்கள். மச்சானும் அண்ணனின் மூத்த பையனும் ரத்தம் கொடுத்தார்கள்.

மறுநாள்தான் மனைவி கண் விழித்தாள். உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறாளோ என்று குனிந்தேன்.

"எங்க அண்ணனுக்குச் சொன்னீகளா?"

"சொன்னேன், வந்துட்டாரு."

"உங்க அண்ணனுக்கு முன்னாடியா, பெறகா?"

அவள் பிழைத்துவிட்டாள், இன்று தோட்டத்துக்கும் வருகிறாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரியைப் பஸ்சில் கடக்கும்போதெல்லாம், உயிரையே கொடுக்க ஓடிவந்தவர்களுக்கு ஒரு ரோட்டைத் தாண்ட முடியாமல் போனதே, அதற்குள் இவள் போயிருந்தால் என்று நினைத்து எனக்கு இன்னமும் படபடவென்று அடித்துக்கொள்கிறது.