கோவிந்தராசு அண்ணனோட ஆறு தக்காளிச் செடி

முதல்லயே சொல்லிடுறேன், அவரைப் போய் உண்மையைச் சொல்லச் சொன்னது நான்தான். என் பேரு சம்சுன்னிசா. ஆராய்ச்சிக்கூடத்துல கண்ணாடிப் பாத்திரம் கழுவுற அறை என் ராஜ்ஜியம், இருபது வருஷமா. பழியைத் தூக்கி அடுத்தவங்க தலையில வைக்கிற ஆளு நான் இல்ல.

கோவிந்தராசு அண்ணனுக்கு அப்ப ஐம்பத்திநாலு வயசு. சுவா சூ காங் வட்டாரத்துல வீடு, சுசீலான்னு தங்கமான மனைவி, பொண்ணுங்க ரெண்டு பேரும் கல்யாணமாகிப் போயாச்சு. எங்க கட்டடத்து மாடியில ஒரு கண்ணாடி வீடு, அதுல வரிசையா தக்காளிச் செடி, அதுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. ஒரு பூ விரிஞ்ச அன்னிக்கே அதோட காம்புல சின்ன அட்டையை நூலால கட்டித் தேதி எழுதிடுவார். அதை வச்சுத்தான் காய்க்கு வயசு கணக்கு. ஒரு பூவைக் கூட விட மாட்டார். ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க தேதியை மாத்தி எழுதினா அவ்வளவுதான். "பூ விரிஞ்சது நேத்து. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறே, காலண்டர் பார்க்கத் தெரியாதா?"ன்னு பிடிச்சுக்குவார்.

தக்காளி தானா பழுக்குதுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். இல்லையாம். உள்ள ஒரு மரபணு உத்தரவு போடணுமாம். அதுக்கப்புறம்தான் எத்திலீன்னு ஒரு வாயு கிளம்பி, பச்சை போய் சிவப்பு வந்து, தோல் இளகி, வாசனை வரும். எங்ககிட்ட ஒரு ரகம் இருந்துச்சு, அதுல அந்த மரபணு கெட்டுப்போனது. காய் பெருசாகும், எலுமிச்சை நிறத்துக்கு வரும், அப்படியே நின்னுடும். பறிச்ச காயைப் பழ அறைன்னு ஒரு சின்ன அறையில தட்டுல அடுக்கி வைப்பாங்க. எட்டு மாசம் கிடந்த காயை நான் பார்த்திருக்கேன். பழுக்கவும் இல்ல, அழுகவும் இல்ல. கையில எடுத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

"இதைத் தூக்கிப் போடுங்கண்ணே, பயமா இருக்கு"ம்பேன்.

"அதுக்கு யாரும் உத்தரவு போடல சம்சு. பாவம், காத்துக்கிட்டிருக்கு"ம்பார்.

பவித்ரா கரூர்ப் பொண்ணு. டாக்டர் பட்டத்துக்குன்னு ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்தவ. என் அறையிலதான் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவா, வாய் நிறைய அக்கான்னு கூப்பிடுவா. புதுசா வந்த முறையில அவ அந்த மரபணுவை அடியோட வெட்டி எடுத்துட்டா. உத்தரவு போடுற ஆளே இல்லன்னா காய் பச்சையாவே நிக்கணும், இல்லையா? அதைக் காட்டிட்டா அவ பட்டம் முடிஞ்சுது. நாலு வருஷ உழைப்பு. ஜனவரியோட ஸ்காலர்ஷிப் முடியுது. அதுக்கு மேல ஒரு நாள் கூட இங்க இருக்க முடியாது.

அங்கதான் வந்துச்சு வினை.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அண்ணன் காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய்ப் பூ, பொரி, வாழைப்பழம் எல்லாம் வாங்கிட்டு வந்துடுவார். மைக்ராஸ்கோப்புக்கு மாலை, பெரிய குளிர்பெட்டிக்குச் சந்தனம், எதையும் விட மாட்டார். "என் பாத்திரம் கழுவுற மெஷினுக்குக் குங்குமம் வேணாம்ணே, அது எங்காளு"ன்னு நான் வம்பிழுப்பேன். "உன் மெஷின்தான் நாளுக்கு நாலு தடவை மக்கர் பண்ணுது, அதுக்குத்தான் முதல்ல வைக்கணும்"னு வச்சிட்டே போவார். நாங்க சிரிக்கிறதைப் பார்த்து மத்தவங்களும் சிரிப்பாங்க.

அந்த வருஷம் பூஜை வெள்ளிக்கிழமை. பூஜையில வச்சதை மறுநாள் விஜயதசமிக்குக் கும்பிட்டுட்டுத்தான் எடுக்கணும், அது அவங்க வழக்கம். ஆனா சுத்தம் பண்ண வந்திருந்த புதுக் கம்பெனி ஆளுங்க கண்ணுல பட்டதையெல்லாம் குப்பையில வாரிப் போட்டுக்கிட்டிருந்தாங்க. அதனால நூல்கண்டு, அட்டை, பேனா, ஒரு சீப்பு கனிஞ்ச வாழைப்பழம் எல்லாத்தையும் ஒரு தட்டுல வச்சு, பூட்டு இருக்கிற ஒரே இடமான பழ அறையில கொண்டுபோய் வச்சிட்டார். வெளிப் பழம் எதுவும் உள்ள வரக் கூடாதுன்னு அந்தக் கதவுலயே எழுதி ஒட்டியிருக்கும். கனிஞ்ச வாழைப்பழம் எத்திலீனைக் கக்கிக்கிட்டே இருக்குமே, பக்கத்துல இருக்கிற காயையெல்லாம் பழுக்க வச்சிடுமே. எழுதி ஒட்டினதே அவர்தான்! இருந்தும் வச்சார். உள்ள இருந்தது பவித்ராவோட காயும் அந்தப் பழைய ரகமும்தான், ரெண்டும் பழுக்கவே பழுக்காத காய்ங்க, எமனே வந்து உட்கார்ந்தாலும் அதுங்க அசையாதுன்னு ஒரு நினைப்பு. சனிக்கிழமை வந்து எடுத்துடலாம்னு இருந்தவருக்கு, சுசீலாவுக்குக் காய்ச்சல் வந்து வீட்டுலயே நேரம் போயிடுச்சு. திங்கக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி வந்து தட்டை எடுத்துட்டார்.

பத்து மணிக்குப் பவித்ரா போட்ட கூச்சல் என் அறை வரைக்கும் கேட்டுச்சு. ஓடிப் போய்ப் பார்த்தா, அவளோட காய்ங்க ஆரஞ்சு நிறத்துல இருக்கு. சிவப்பு இல்ல, ஆனா பழுத்திருக்கு. பக்கத்துத் தட்டுல பழைய ரகம் அதே எலுமிச்சை நிறத்துல கிடக்கு.

"அக்கா, கெட்டுப்போன மரபணு சும்மா கிடக்கலக்கா! அது கதவை அடைச்சுக்கிட்டு நிக்குது. அந்த ஆளையே எடுத்துட்டா கதவு பாதி திறந்துக்குது. இத்தனை வருஷமா எல்லாரும் தப்பா நினைச்சிருக்காங்கக்கா!"ன்னு என் கையைப் பிடிச்சுக் குதிச்சா. அந்த முகத்தை என்னால மறக்க முடியல.

அண்ணன் உள்ள வராம வாசல்லயே நின்னார். சந்தோஷத்துல நிக்கிறார்னு நினைச்சேன்.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் மனுஷன் மனுஷனா இல்ல. பழ அறையை மூணு தடவை பிளீச் போட்டுக் கழுவினார். "சம்சு, வாழைப்பழ வாசனை வருதா?"ம்பார். "இல்லையேண்ணே"ம்பேன். அரை மணி நேரம் கழிச்சு மறுபடியும் வந்து கேட்பார். ரயில்லயும் அதே வாசனைன்னு பாதி வழியிலயே இறங்கி, அடுத்த வண்டிக்கு நின்னாராம். அதுலயும் வந்துச்சாம். கடைசியில ஒரு நாள் மத்தியானம் என் அறைக் கதவைச் சாத்திட்டு எல்லாத்தையும் கொட்டினார்.

"பழத்தால பழுத்துச்சா, தானா பழுத்துச்சான்னு எனக்கே தெரியல சம்சு. வாயைத் திறந்தா அந்தப் புள்ள போச்சு."

"திறக்காட்டி? நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சா அவ மானம் என்னாகும்? போய்ச் சொல்லுங்கண்ணே. அல்லா மேல ஆணையா, இதை மறைச்சா நான் உங்ககூடப் பேச மாட்டேன்"னு கத்தினேன். எனக்குச் சட்டுனு கோவம் வரும், எல்லாருக்கும் தெரியும்.

போனார். சொன்னார். எங்க பாஸ் ஒரு சீன அம்மா, கண்டிப்பானவங்க. கத்தவே இல்ல, கத்தியிருந்தா தேவலை. "எத்தனை நாள் இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க. மூணு நாள்னார். வாழைப்பழம் தூண்டி விட்டிருக்கலாம், தானா பழுத்துச்சுன்னு எழுத முடியாது, முதல்லேருந்து செய்யணும்னுட்டாங்க. விதை போட்டுக் காய் பறிக்க நாலு மாசம். எங்கே இருக்கு நாலு மாசம்? கூடுதல் தவணை கேட்டுக் கடிதம் எழுதினாங்க, கிடைக்கல. பவித்ரா மாஸ்டர்ஸ்னு ஒரு சின்னப் பட்டத்தை வாங்கிட்டு ஊருக்குக் கிளம்பினா.

போற அன்னிக்கு அண்ணன்கிட்ட வந்து, "நீங்க சொன்னதுதாண்ணே சரி. வருத்தப்படாதீங்க"ன்னா. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அவ. நான் என் அறையில போய்த் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

அப்புறம் பாஸ்கிட்ட அனுமதி கேட்டு, பவித்ரா விட்டுட்டுப் போன விதையில ஆறு செடி வச்சார். கண்ணாடி வீட்டுக் கடைசி மூலை. பக்கத்துல ஒரு பழமோ, ஒரு பூவோ, யாரோட சாப்பாட்டு டப்பாவோ கிடையாது. "அண்ணே, பழுத்தா என்ன, பழுக்காட்டி என்ன?"ன்னேன். "பழுக்காட்டி எல்லாம் அந்த வாழைப்பழம் பண்ணினது. அப்ப நான் வாயைத் திறந்து அவளுக்குக் கெடுதல் பண்ணல"ன்னார். அதுதான் அவர் வேண்டுதல். தக்காளிச் செடி முன்னாடி நின்னு பழுக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்ட மனுஷன் உலகத்துலேயே அவர் ஒருத்தராத்தான் இருப்பார். பூ விரிஞ்சதுலேருந்து முப்பத்தஞ்சு நாள், நாப்பது நாள், காய் பச்சை. அவர் முகத்துல கொஞ்சம் களை வந்துச்சு. மதியம் என்கூட உட்கார்ந்து சாப்பிடக் கூட ஆரம்பிச்சார்.

நாப்பத்தேழாவது நாள் என்னைக் கூப்பிட்டார். ஆறு செடியிலயும், பறிக்காமலேயே, காயோட அடியில ஆரஞ்சு. அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நிஜம். வாழைப்பழம் ஒன்னுமே பண்ணல! அடப்பாவி மக்கா, ஒன்னுமே பண்ணல!

பாஸ் வந்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. வேற நாட்டுல ஒரு குழு இதையே கட்டுரையா எழுதிட்டிருக்காங்களாம், இனிமே நாம முந்த முடியாதுன்னாங்க. "பவித்ராகிட்ட நீயே சொல்லிடு"ன்னு அவர் தோளைத் தொட்டுட்டுப் போயிட்டாங்க.

அவர் போன் போட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ஸ்பீக்கர்ல அவ குரல் தெளிவா கேட்டுச்சு. கரூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சராம். நல்லா இருக்கேன்னா. பிள்ளைங்க பேரு, பள்ளிக்கூடத்து மதில்ல ஏறுற குரங்கு, என்னென்னமோ பேசினா. அப்புறம் குரல் இறங்கிடுச்சு.

"அண்ணே, நீங்க அந்த விதையைப் போட்டிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அது வெறும் வாழைப்பழம்தான்னு நினைச்சு நினைச்சுத்தான் நான் மனசைத் தேத்திக்கிட்டேன். பழுக்கலதானேண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கண்ணேன்னு இந்தத் தடவை என் வாயில வரல.

"இல்லம்மா. பழுக்கல"ன்னார்.

அவ ஒரு மூச்சு விட்டா. "அப்பாடா"ன்னா.

அன்னிக்கே ஆறு செடியையும் பையில கட்டி என்கிட்டக் கொடுத்தார். எங்க விதிப்படி அதை நீராவியில வேக வச்சுத்தான் வெளிய போடணும். மூடியைத் திறந்தப்ப அறை முழுக்கத் தக்காளி ரசம் கொதிக்கிற வாசனை. அதுலேருந்து போன் அடிச்சாலே அவர் முதல்ல பேரைப் பார்ப்பார், அப்புறம்தான் எடுப்பார். மத்தவங்க கட்டுரை என்னிக்கோ ஒரு நாள் வெளிய வரும், அவ படிப்பா. அந்தப் பயம் அவர் பின்னாடியே சுத்துச்சு. தேதி அட்டையைக் கூடத் தப்பா எழுத ஆரம்பிச்சார்.

போன மாசம் வாட்ஸப்ல வந்துச்சு. அந்தக் கட்டுரையோட லிங்க். கீழ ஒரே ஒரு வரி.

"உங்க ஆறு செடியும் பழுத்துச்சுதானேண்ணே?"

ஆறுன்னு எப்படித் தெரியும்? பாஸ்கிட்டக் கேட்டிருக்கா. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்கிறா. தினமும் போனை நீட்டிக்கிட்டு என் அறை வாசல்ல வந்து நிக்கிறார். "என்ன எழுத, சம்சு?"ங்கிறார். நான் பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே இருக்கேன்.