நான் கேட்காத வயலின்

சின்னமனூரில் நவராத்திரி ஒன்பது நாளும் கச்சேரி வைக்கும் வழக்கத்தை ஆரம்பித்தவர்கள் நாங்கள் நாலு பேர். நான் பத்திரப் பதிவு ஆபீஸ் குமாஸ்தா. மற்றவர்களில் ஒருவர் வக்கீல், ஒருவர் ஏலக்காய் வியாபாரி, ஒருவர் மருந்துக் கடைக்காரர். ஆவணி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வக்கீல் வீட்டு மச்சில் கூடுவோம். இந்த வருஷம் யாரைக் கூப்பிடுவது என்று பேச ஆரம்பித்து, மனஸ்தாபம் இல்லாமல் எழுந்து போன நாளே கிடையாது.

பல்லவி பாடாதவரை வக்கீல் பாடகராகவே சேர்த்துக்கொள்ள மாட்டார். மருந்துக் கடைக்காரருக்குக் கச்சேரியில் பாதியாவது தமிழ்ப் பாட்டாக இருக்க வேண்டும். ஏலக்காய் வியாபாரிக்கு ராகத்தின் பெயர் ஒன்றும் தெரியாது. நல்ல ஆலாபனை வந்தால் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அவருடைய ரசனையை நாங்கள் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. நான் சிறு வயதில் மதுரையில் மூன்று வருஷம் வயலின் கற்று, வராமல் விட்டவன். அதனால் வயலின் என்று வந்தால் என் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின, பாதி நாள் ஓடவும் இல்லை. வழக்கமாக வரும் மதுரை வயலின்காரர், ஐந்து நாளுக்கு மேல் தங்க முடியாது என்று கார்டு போட்டுவிட்டார். மீதி நாலு நாளுக்கு யார் என்று விழித்துக்கொண்டிருந்தபோது ஏலக்காய் வியாபாரிதான் சொன்னார். ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார், மாதா கோயிலில் வாசிப்பவர், திண்டுக்கல்லில் ஒரு வித்வானிடம் எட்டு வருஷம் முறையாகப் படித்தவர், அவரைக் கேட்டால் என்ன?

வக்கீல், கொலு வைத்த பந்தலில் மாதா கோயில் வேதக்காரரை உட்கார வைத்தால் சனம் ஒத்துக்கொள்ளாது என்றார். அவர் மனதில் இருந்ததை அப்படியே சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை. மதம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, நாதம்தான் விஷயம் என்று ஆரம்பித்தேன். கோரஸ் பாட்டுக்கு வாசித்துப் பழகிய கை வில்லை நேராகத்தான் இழுக்கும், அந்தக் கையில் ஸ்வரத்தைக் குழைக்கும் கமகம் ஒட்டாது என்று விளக்கமாகப் பேசினேன். பேசப் பேச எனக்கே அது நியாயமாகப் பட்டது.

ஏலக்காய் வியாபாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அவுக வாசிச்சுக் கேட்டிருக்கீகளா?" என்றார்.

"கேட்டிருக்கேன்" என்றேன்.

கேட்டதே இல்லை. அந்த ஊருக்கு நான் போனதுகூட இல்லை.

அத்தோடு பேச்சு முடிந்தது. அல்லிநகரத்திலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்தோம். அந்த நாலு நாளும் பாடகர் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கமாகப் போயிற்று. எட்டாம் நாள் பாடகர் பொறுக்க முடியாமல் கச்சேரியைச் சீக்கிரமே முடித்துக்கொண்டார். ஏலக்காய் வியாபாரி என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ராயப்பன்பட்டியிலிருந்து ஒரு மனு வந்தது. உடம்பு முடியாத பெரியவர் ஒருவர் தன் நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கிறார், ஆபீஸுக்கு வர இயலாது, வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வேண்டும் என்று. சப்-ரிஜிஸ்திராரோடு நானும் போனேன். கைரேகை எடுத்து முடித்ததும் காப்பி கொண்டுவந்து கொடுத்தவர் இளைய மகன். சுவரில் வயலின் பெட்டி தொங்குவதைப் பார்த்தபோதுதான் எனக்கு இவர்தான் அந்த வாத்தியார் என்று விளங்கியது.

சின்னமனூர் என்றதும் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் முகத்தைத் திருப்பினார். "அங்கன நவராத்திரிக்குக் கச்சேரி வைக்கிறாகளாமே. நம்ம புள்ளைக்கு ஒரு நாள் கிடைக்குமா?" என்று கேட்டார். மகன் கூச்சப்பட்டு, பேசாம இருங்கய்யா என்றார். சப்-ரிஜிஸ்திராருக்குச் சங்கீதத்தில் ஆசை உண்டு. ஏதாவது வாசியுங்கள் என்று அவர்தான் கேட்டார்.

வாத்தியார் சஹானா ராகம் வாசித்தார். கால் மணி நேரம் இருக்கும். வில் தந்தியை விட்டு எழுவதும் அமர்வதும் தெரியவில்லை. நான் மூன்று வருஷம் முயன்று என் விரலில் வராத அந்தக் குழைவு, பாயில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம் சாதாரணமாக வந்துகொண்டிருந்தது. என் மனம் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். பிடித்துப்போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அது குறை தேடிற்று. ஓர் இடத்திலாவது மாதா கோயில் கேட்காதா என்று காத்திருந்தது.

கிளம்பும்போது பெரியவரிடம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றேன்.

மறுநாளே ஏலக்காய் மண்டிக்குப் போய் வியாபாரியிடம் நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். மூட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அன்னைக்கே தெரியும். கேட்டவுக என்ன ராகம் வாசிச்சாகன்னு சொல்லுவாக. நீங்க ராகமே சொல்லலையே" என்றார்.

அடுத்த ஆவணியில் மச்சில் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னேன். மருந்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் விசிறிக்கொண்டிருந்தார். வக்கீல் ரொம்ப நேரம் வாதாடி, கடைசியில் ஒரே ஒரு நாள் என்று இறங்கி வந்தார். ஆறாம் நாள் அந்த வாத்தியார் வாசித்தார். வழக்கமாக முன்வரிசையில் உட்காரும் இரண்டு குடும்பங்கள் அன்று வரவில்லை. பாடகர் தோடி பாடி நிறுத்தியதும், நீங்க நிதானமா வாசிங்க என்று அவருக்கு முழு நேரம் விட்டுக் கொடுத்தார். பந்தல் அசையவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது வாத்தியாரிடமும் நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன்.

அவர் வயலின் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எங்க அய்யா தை மாசம் இறந்துட்டாக. போன வருசம்னா வண்டி கட்டியாவது கூட்டியாந்து கேக்க வச்சிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அஞ்சு வருஷம் நவராத்திரிக்கு வந்து வாசித்தார், ஒரு நாள் மூன்று நாளாயிற்று. ஏலக்காய் வியாபாரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். வக்கீலிடம்கூடப் பல்லவியைப் பற்றி வாதம் செய்வார். என்னிடம் மட்டும், மேடையேறும் முன் சுருதி சரியாக இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்பார். சரியாக இருக்கிறது என்பேன். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.