கட்டிலை வெளியே போட்ட செக்கர் அக்கா

செருப்புக் கம்பெனியில் ஏழு வருடம் ஜோடி பார்த்தவர் அவர். இடது ஒன்று, வலது ஒன்று எடுத்து ஒட்டி வைத்துப் பார்ப்பார். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் தூக்கித் திருப்பிப் போடுவார். சூப்பர்வைசர் தலைகீழாக நின்றாலும் மசிய மாட்டார். அதனால்தான் செக்கர் அக்கா என்று பெயர்.

எட்டாவது வருடம் பசை வாடை நெஞ்சில் இறங்கி அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பசை இருக்கிற பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். கம்பெனி அவரைப் பிள்ளைகள் காப்பகத்துக்கு மாற்றியது. ஆர்டரில் ‘இலகு வேலை’ என்று போட்டிருந்தது. அதை எழுதிய ஆள் ஒரே ஒரு மதியம் நடக்கிற வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேரோடு இருந்து பார்த்திருந்தால் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டான்.

அந்தக் காப்பகம் சங்கம் கேட்டு வாங்கியது. சும்மா இல்லை, நாற்பத்தொரு நாள் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து வாங்கியது. நான் அப்போது செயலாளர். கோரிக்கைப் பட்டியலில் எட்டாவதாக ‘பிள்ளைகளுக்குத் தனி அறை, ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டில்’ என்று எழுதியதும் நான்தான். கம்பெனி பன்னிரண்டு கட்டில் வாங்கிப் போட்டது. நாலு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கம்பி, வெள்ளைப் பெயின்ட். பன்னிரண்டையும் போட்ட பிறகு நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போக மட்டும் வழி இருந்தது. அது யாருக்கும் உறுத்தவில்லை. நாங்கள் நோட்டீஸ் அடித்து ஒட்டினோம். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, ‘எவ்வளவு அமைதி’ என்று தலையாட்டிப் போவார்கள்.

காலை எட்டு மணிக்குக் கட்டிலில் ஏறும் பிள்ளை சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் இறங்கும். ஊட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் கட்டிலிலேயே.

செக்கர் அக்காவுக்குப் பழைய பழக்கம் போகவில்லை. பிள்ளைகளையும் ஜோடியாக வைத்துத்தான் பார்த்தார். மூன்றாம் நம்பர் கட்டிலில் வாட்ச்மேன் மகள், பதினாலு மாதம். அம்மா மதியம் வரைக்கும்தான் வேலை செய்கிறவள். அந்தப் பிள்ளை வீட்டில் முற்றம் முழுக்கத் தவழ்ந்து, சுவரைப் பிடித்து நடக்கிறதாம். நான்காம் நம்பரில் தையல்காரி ஒருத்தியின் மகன், பதினாறு மாதம். இரண்டு தலையணைக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருப்பான். வேண்டியதைக் கையை நீட்டிக் காட்டுவான், யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தாமதமானால் ஒரு அதட்டல். மற்றப் பெண்கள் அவனுக்கு முதலாளி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“முதலாளி எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாரே” என்றார் செக்கர் அக்கா, அவன் அம்மாவிடம்.

“அவன் சோம்பேறிக்கா. அவங்கப்பா மாதிரி.”

“கம்பியைப் பிடிச்சாவது நிப்பானா?”

“இல்ல. ஆனா வெயிட்டெல்லாம் கரெக்டா இருக்கு. கார்டைப் பாருங்க, கோடு மேலதான் போகுது.”

கார்டில் கோடு ஒழுங்காக மேலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவள் கண் கார்டில் இல்லை, மகனின் காலில் இருந்தது என்று செக்கர் அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னார். பயம் அவளுக்கு முன்பே இருந்திருக்கிறது. புருஷன் லாரியில் ஓடுகிறவன், மாதத்தில் பத்து நாள்தான் வீடு. வரும்போதெல்லாம், “நீ வேலைக்குப் போறதுனாலதான் புள்ள இப்படி உக்காந்துட்டான்” என்று ஒரு வார்த்தை வைத்துவிட்டுப் போவான். அவள் மனசில் ஒரு முடிவு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் காலில் ஏதாவது கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டால் வேலையை விட்டுவிடுவது. விட்டால் திரும்பக் கிடைக்காது, அதுவும் அவளுக்குத் தெரியும்.

மாதம் ஒருமுறை எடை போட வருகிற சுகாதார நர்ஸிடம் செக்கர் அக்காவே விஷயத்தைப் போட்டு உடைத்தார். நர்ஸ் பையனைக் கையில் எடுத்துப் பார்த்தார். காலை மடக்கி நீட்டினார், இடுப்பைத் திருப்பினார், சாவிக்கொத்தை ஆட்டி அவன் கண் பின்னாலேயே போகிறதா என்று பார்த்தார். பிறகு அம்மாவைக் கேட்டார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தரையில விடறீங்க?”

“தரையிலயா? ஒரே ரூம் சிஸ்டர். அடுப்பு தரையில இருக்கு. என் தம்பி நைட் ஷிஃப்ட், பகல்ல தரையில படுத்துத் தூங்குவான், நாங்க போறப்பவும் வர்றப்பவும் தூங்கிட்டுத்தான் இருப்பான். இவனைக் கட்டில்லதான் விடுவேன்.”

“வர வழியில?”

“பஸ்ல மடியில.”

“இங்க?”

செக்கர் அக்கா கட்டில் கம்பியைக் காட்டினார். பிறகு விரல் விட்டு எண்ணினார். “ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வருமா?”

“தம்பி எங்கயாவது போனா வரும்” என்றாள் அம்மா.

நர்ஸ் கோபப்படவில்லை. “காலு சரியாத்தான் இருக்கிற மாதிரி தெரியுது. ஆனா நான் சொல்லி முடிச்சுடக் கூடாது. டாக்டர் பாக்கணும். கடிதம் தரேன், ஆறு வாரத்துல தேதி கிடைக்கும். அந்த ஆறு வாரமும் பையனைத் தரையில விடுங்க. வெறுங்காலோட. எட்டாத இடத்துல ஏதாவது ஒண்ணு வைங்க, அவனே போய் எடுக்கட்டும்” என்றார்.

வெறுங்கால் என்றதும் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். போன வருடம்தான் கம்பெனி காப்பகப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாகக் குட்டி ஷூ மாட்டி போட்டோ எடுத்திருந்தது.

அன்றைக்கே செக்கர் அக்கா சங்க அறைக்கு வந்தார்.

“தோழர், கட்டில்ல எட்டை வெளிய போடணும்.”

“எந்தக் கட்டில்?”

“காப்பகத்துக் கட்டில்தான். தரை வேணும்.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “நாப்பத்தோரு நாள்! மழையில உக்காந்து வாங்குன கட்டில்மா அது. இப்ப நாமளே வேணாம்னு வெளிய போட்டா, அடுத்த தடவை எதைக் கேட்டாலும் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுவான், உங்களுக்குக் குடுத்ததையே தூக்கிப் போட்டீங்கன்னு.”

“நீங்க கேட்டது தப்புன்னு நான் சொல்லல. குழந்தையக் கேக்காம கேட்டுட்டீங்க.”

“ஒரு வயசுப் புள்ளைய எங்க போய்க் கேக்கறது?”

“வந்து பாத்தா சொல்லும். நீங்க ஒரு தடவையாவது உள்ள வந்திருக்கீங்களா?”

போனதில்லை. திறப்பு விழா அன்று வாசல் வரை போனேன். அதைச் சொல்லாமல், சங்கம் இதில் தலையிடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கோழைத்தனம்தான். வேறு பேர் கிடையாது.

அவர் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் மெயின்டனன்ஸ் ஆளைக் கூட்டிக்கொண்டு எட்டுக் கட்டிலையும் வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார். அசந்து தூங்குகிற பிள்ளைகளுக்கு என்று நாலு மட்டும் மிச்சம், மற்றவர்களுக்குப் பாய். தரையைக் கழுவித் துடைத்தார். ப்ளக் பாயின்ட்டுகளை மூடினார். பேக்கிங் பிரிவிலிருந்து பெரிய அட்டைப்பெட்டிகள் வாங்கி, உள்ளே பழைய பேப்பர் கட்டு வைத்து, பிடித்துத் தள்ளினால் கவிழாமல் மெதுவாக நகர்கிற மாதிரி செய்தார். முழங்கால் உயரத்தில் ஒரு பெஞ்சு கிடைத்தது. அதன் முனைகளில் துணி சுற்றிச் சுவரோரம் போட்டார்.

திங்கட்கிழமை அந்த அறையில் கேட்ட சத்தம் கட்டிங் பிரிவு வரைக்கும் கேட்டது என்பார்கள்.

பர்சனல் ஆபீசர் வந்தார். எண்ணினார். நாலு கட்டில்.

“மீதி எங்க?”

“வராந்தாவுல சார்.”

“ஆடிட் வருதும்மா. பன்னிரண்டு இருக்கணும்னு ரெக்கார்டு.”

“பன்னிரண்டும் இருக்கு சார். எண்ணிக்கோங்க. வராந்தாவும் கம்பெனி எடம்தானே?”

மறுநாள் மெமோ வந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்த அடி பட்டாலும் காப்பாளரே பொறுப்பு, வேலை நீக்கம் உட்பட நடவடிக்கை எடுக்கப்படும். செக்கர் அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு, யாருக்கோ மூக்கைத் துடைக்கப் போனார்.

முதலாளியைத் தரையில் இறக்கியதும் அவன் அப்படியே உட்கார்ந்து கையை நீட்டினான். அவனுக்குப் பிடித்தது ஒரு எவர்சில்வர் மூடி. அதைச் செக்கர் அக்கா மூன்று அடி தள்ளி வைத்தார். அதட்டினான். அழுதான். “யாரும் எடுத்துக் குடுக்காதீங்க” என்று உதவிக்கு இருந்த ஆயாவிடம் சொன்னார். அதற்காக விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகவில்லை. தானும் மூடிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அதைத் தட்டித் தட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். “வாங்க சார், வாங்க. ஆபீஸ் இங்க இருக்கு.”

முதல் வாரம் முழுக்க அழுகை. சாப்பாட்டு இடைவேளைக்கு வந்த அம்மா அதைக் கேட்டுவிட்டாள்.

“ஏங்க்கா, மூடியக் குடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?”

“அவனுக்குக் குறையும்மா.”

“உங்களுக்கென்ன, உங்க புள்ளயா?”

அம்மா பையனைத் தூக்கி மடியில் வைத்து, மூடியைக் கையில் கொடுத்து, மணி அடிக்கிற வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அவள் கதவைத் தாண்டியதும் மூடி மறுபடி மூன்று அடி தள்ளிப் போனது.

இரண்டாம் வாரம் முதலாளி புட்டத்தால் நகர்ந்தான். மூன்றாம் வாரம் தவழ்ந்தான். வேகவைத்த உருளைக்கிழங்கைத் தானே எடுத்து வாயில் வைத்து, பாதியைத் தலையில் பூசிக்கொண்டான். அந்த வாரம்தான் நான் போனேன், பார்த்துவிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று. உட்கார நாற்காலி இல்லை, தரையில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் மகள் என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு அட்டைப்பெட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். அதைத் திரும்ப வாங்க நானும் முட்டி போட்டுத் தவழ வேண்டியிருந்தது. கேட்க நினைத்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று. வெளியே வந்து பர்சனல் ஆபீசரிடம், சங்கம் இதில் தலையிடுகிறது என்று சொன்னேன். “மெமோ மெமோதான்” என்றார் அவர்.

நாலாம் வாரம் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. தவழ்ந்தான், உட்கார்ந்தான், அவ்வளவுதான். நிற்கவில்லை. டாக்டர் தேதி நெருங்கியது. அம்மா வேலை செய்யும்போது இரண்டு முறை ஊசி விரலில் இறங்கியது. புருஷன் போனில், “தேதி அன்னிக்கு லீவு போட வேணாம். வேலை வேணாம்னு ஒரேயடியா எழுதிக் குடுத்துட்டு வந்துடு” என்றானாம்.

ஐந்தாம் வாரம், புதன்கிழமை. செக்கர் அக்கா மூடியைப் பெஞ்சின் மேல் வைத்திருந்தார். முதலாளி தவழ்ந்து வந்தான். பெஞ்சில் ஒரு கையைப் போட்டான். இன்னொரு கையைப் போட்டான். புட்டம் மேலே போயிற்று, இரண்டு காலும் ஆடிக்கொண்டே நேராயின. நின்றான். மூடியை எடுப்பதற்காக ஒரு கையை விட்டான், வழுக்கினான். கீழ் உதடு கிழிந்து ரத்தம்.

செக்கர் அக்கா தூக்கி, ஈரத்துணியை அழுத்திப் பிடித்து, ஆயாவிடம், “அவங்கம்மாவக் கூட்டிட்டு வா. ஆபீஸ்லயும் சொல்லிடு” என்றார். சொல்லாமல் விட்டிருக்கலாம். சின்னக் காயம், பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றுவிட்டது. அவர் அப்படி விடுகிற ஆள் இல்லை.

அம்மா தலையெல்லாம் நூல் துணுக்கோடு ஓடி வந்தாள். சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் குரல் எகிறியது.

“யாரு தள்ளிவிட்டது?”

“யாரும் தள்ளல. நின்னான், கை வழுக்கி விழுந்துட்டான்.”

“யாரு நின்னது?”

“இவன்தான்.”

“எவன்?”

“உன் புள்ளதான்டி.”

அவள் பையனைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், மறுபடி பையனைப் பார்த்தாள். அவன் வீங்கின உதட்டோடு பெஞ்சுப் பக்கம் கையை நீட்டி அதட்டிக்கொண்டிருந்தான். மூடி இன்னும் மேலேதான் இருந்தது.

பர்சனல் ஆபீசர் விபத்துப் படிவத்தோடு வந்து சேர்ந்தார். நானும் பின்னாலேயே போனேன். நாற்காலி இல்லாததால் அவர் நின்றுகொண்டே, அட்டையில் வைத்து எழுதினார். தேதி. நேரம், பதினொன்று இருபது. சாட்சி, ஆயா.

“விபத்து நடந்த விதம்” என்று வாசித்தார். “கவனக்குறைவுன்னு போடட்டுமா?”

“நடந்ததைப் போடுங்க சார்” என்றார் செக்கர் அக்கா. “பெஞ்சைப் பிடிச்சுத் தானா எழுந்து நின்னான். ஒரு கையை விட்டான். விழுந்தான். நான் ரெண்டடி தள்ளி இருந்தேன்.”

அவர் எழுதினார். அம்மா எட்டிப் பார்த்தாள். “சார், ‘தானா’ன்னு போட்டீங்களா?”

“போட்டேம்மா.”

“எழுந்து நின்னான்னு?”

“அதான் எழுதியிருக்கேனே. பெற்றோர் புகார்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடறது? யோசிச்சுச் சொல்லுங்க. இவங்க மேல நடவடிக்கை எடுக்கறது அதுலதான் இருக்கு.”

“இல்லன்னு போடுங்க” என்றாள் அம்மா. உடனே, “எனக்கு அதுல ஒரு காப்பி வேணும்” என்றாள்.

“காப்பியா? எதுக்கு?”

“டாக்டர் கிட்ட காட்டணும் சார்.”

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்தேன். எட்டு வருடம் நானும் அவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஒருவர் கேட்டதை மறுவார்த்தை பேசாமல் இன்னொருவர் கொடுத்ததே இல்லை. அன்று அவரே போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு அவளோடு செக்கர் அக்காவும் போனார். டாக்டர் இடுப்பு, முதுகு, கால் எல்லாம் பார்த்தார். பையன் அவருடைய ஸ்டூலைப் பிடித்து எழுந்து நின்று ஸ்டெதஸ்கோப்பை இழுத்தான். காலில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை, இடம் கிடைக்காத கால்தான், இப்படியே தரையில் விடுங்கள், இரண்டு மாதத்தில் தனியாக நடக்கவில்லை என்றால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். வேலையை விட வேண்டுமா என்று அவள் கேட்டாள். “வேலையை எதுக்கு விடணும்?” என்று டாக்டருக்கே புரியவில்லை.

கார்டை நிரப்பும்போது வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“முதல்ல எப்ப எழுந்து நின்னான்? குத்துமதிப்பா சொன்னா போதும்.”

அவள் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து மேஜையில் விரித்து வைத்தாள். “போன புதன்கிழமை. பதினொண்ணு இருபது.”