உரக்கடை மாடியில் காலைக் கச்சேரி

வியாழக்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நல்லேப்பிள்ளியிலிருந்து பொன்னுச்சாமி அண்ணனின் மகன் முருகேசன் போனில் கூப்பிட்டார். “அக்கா, அப்பா போயிட்டாருங்க. தென்னைக்குத் தண்ணி பாக்கப் போனவரு, வரப்புல உக்காந்தாரு. அப்பறம் எந்திரிக்கவே இல்லீங்க.” மருந்துச்சீட்டோடு காத்திருந்தவரை முதலாளியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பொன்னுச்சாமி அண்ணனை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெல்லும் தென்னையும் வைத்திருந்த விவசாயி. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் சின்னதாய் ஓர் உரக்கடை நடத்தினார். அந்தக் கடையின் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கர்நாடக இசைக் கச்சேரி நடக்கும். பத்து வருடங்களுக்கு மேலாக நடந்தது. நான் அங்கே தம்புரா போட்டேன்.

பாட்டுக் கேட்கும் ஆசை அவருக்கு இளம் வயதிலேயே இருந்தது. ஆனால் கச்சேரி என்றால் பாலக்காடு போக வேண்டும், அதுவும் சாயங்காலத்தில். ஊர் திரும்பும் கடைசி பஸ்ஸோ சீக்கிரமே கிளம்பிவிடும். “தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கறப்ப நானு பஸ் ஸ்டாண்டுல நிப்பேனுங்க. ஒரு கச்சேரியக்கூட மங்களம் வரைக்கும் கேட்டதில்ல” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால்தான் தன் கச்சேரியைக் காலையில் வைத்தார். முதல் பஸ்ஸில் வந்து கேட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பலாம். சாயங்காலக் கச்சேரிகளில் யாரும் விரிவாகப் பாடாத காலை ராகங்களான பூபாளத்தையும் பௌளியையும் நாங்கள் அந்த மாடியில்தான் ஆசைதீரக் கேட்டோம்.

டிக்கெட் ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற விலை. இலவசமாகவே விடலாமே என்று ஒருமுறை கேட்டேன். “சும்மா உட்டா பாதியில எந்திரிச்சுப் போவாங்க அம்மிணி. நாலு காசு குடுத்தா உக்காந்து கேப்பாங்க” என்றார். கீழேயிருந்து யூரியா வாசனை வரும் என்பதால் விடியும் முன்பே வந்து சாம்பிராணி போடுவார். ஜமுக்காளத்தை அவரே விரிப்பார். பாட வருகிறவர்கள் முந்தின நாளே அவர் வீட்டுக்கு வந்து தங்கிவிடுவார்கள்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மைக் கூடாது. பாடுபவரின் குரலும் தம்புராவும் நேராகக் காதில் விழ வேண்டும். அதற்காக மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார். அந்த மாடியில் முதன்முதலில் பாடியவர் பாலக்காடு கல்பாத்தி அலமேலு மாமி, பள்ளியில் பாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கனமான குரல். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை போகும். “மாமி பாடுனா நம்ம மாடி கோயிலாட்டம் ஆயிருதுங்க” என்பார் அண்ணன். வருடத்துக்கு இரண்டு முறையாவது மாமியை அழைத்துவிடுவார்.

பிறகு மாமிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. தேறி வந்தபோது சுருதி விலகாமல் நின்றது, ஆனால் குரல் சிறுத்துவிட்டது. அடுத்த கச்சேரிக்கு முன்னால் மாமி அண்ணனிடம் தயங்கியபடி கேட்டார்:

“சப்தம் எறங்கிப்போச்சு, கேட்டேளா. சின்னதா ஒரு மைக் வெக்க முடியுமோ?”

“மைக்கு வெச்சா கல்யாண மண்டபமாயிருமுங்க மாமி. நீங்க எப்பவும்போலப் பாடுங்க. நாங்க கேட்டுக்கறோம்.”

மாமி சரியென்று பாட உட்கார்ந்தார். அன்று மிருதங்கக்காரர் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுத்தான் வாசித்தார். அப்படியும் பின்வரிசைக்கு எட்டவில்லை. பிலஹரி ஆலாபனையின் நடுவில் இரண்டு பேர் எழுந்தார்கள். பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். மாமி கண்ணைத் திறந்து பார்த்தார். ஆலாபனையை முடித்துக்கொண்டு அப்படியே மங்களம் பாடினார். எல்லோருக்கும் கைகூப்பிவிட்டுப் படியிறங்கினார். அதன்பின் அந்த மாடிக்கு அவர் வரவில்லை. எத்தனை முறை அழைத்தும் “உடம்பு சரியில்லை” என்பதே பதில். அண்ணன் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மைக்கும் வைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அண்ணனுக்கே காது மந்தமாகத் தொடங்கியது. முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். கச்சேரி முடிந்ததும் “இன்னைக்கு வயலின் நல்லா இருந்துச்சா அம்மிணி?” என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். போன ஆவணியில் ஒரு நாள், ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு மாமி கேட்டது பெரிய காரியமில்ல. கேக்கறதுக்கு அவங்களுக்கு எத்தன கூச்சமா இருந்திருக்கும்னு இப்பத்தான் வெளங்குது.” அடுத்த வாரமே சிறிய மைக்கும் ஒலிபெருக்கியும் வாங்கினார். என்னையும் கூட்டிக்கொண்டு கல்பாத்திக்குப் போனார்.

மாமி காப்பி கொடுத்தார். அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “தப்பு என்னுதுங்க மாமி. மைக்கு வாங்கிட்டேன். நீங்க வந்து பாடோணும்.”

“கோபமொண்ணும் இல்லை, கேட்டேளா. அன்னைக்கு ஆத்துக்கு வந்தப்பறம் நான் பாடவே இல்லையாக்கும். காலம்பற சுருதிப்பெட்டியத் தொறக்கற பழக்கமே போயிடுத்து. இனிமே மைக் வெச்சு என்ன பிரயோஜனம்?”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். காப்பி ஆறிப்போனது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஒரு ஆளோட பாட்ட நிறுத்திப்போட்டேன் அம்மிணி” என்று ஒரே ஒரு முறை சொன்னார். தை மாதம் பேரனுடன் மறுபடி போய்ப் பார்த்ததாகவும், பாடாவிட்டாலும் பரவாயில்லை, வந்து கேட்டுவிட்டாவது போகும்படி அழைத்ததாகவும் பிறகு தெரிந்தது. மாசியில் வருவதாக மாமி சொல்லியிருந்தாராம். மாசிக் கச்சேரிக்கு மூன்று நாள் இருக்கும்போது அண்ணன் போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம் மாமி நல்லேப்பிள்ளிக்குத் தனியாகவே வந்தார். வாசலில் ஊரே கூடியிருந்தது. எங்கள் கச்சேரிக்கு வரும் ரசிகர் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, “மாமி, அண்ணனுக்காக ஒரு பாட்டுப் பாடுங்க” என்று கெஞ்சினார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மாமி தலையசைத்து மறுத்தார்.

“வேண்டாம். இப்போ பாடினா அது எனக்கு ஆறுதல். அவருக்கு என்ன கிடைக்கப்போறது?”

அண்ணனின் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாடையைத் தூக்கும்வரை அந்தக் கையை விடவில்லை.

மாமியைப் பாலக்காடு பஸ் ஏற்றிவிட நானும் கூட நடந்தேன். அறுவடை முடிந்த வயல்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நிழற்குடையில் நின்றபடி மாமி மெதுவாகச் சொன்னார்:

“அவர் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். நானும், மொதல் தடவை கூப்பிட்டப்பவே போயிருக்கலாம்.”

பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஏறி, முன்னிருக்கையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணா, இத்தனை காலை வேளைகளை எங்களுக்குக் கொடுத்தீர்கள். உங்கள் மனதில் இருந்த அந்த ஒரு பாரத்தை மட்டும் எங்களால் இறக்கிவைக்க முடியவில்லை. அமைதியாகப் போய் வாருங்கள்.