பெரிய வீட்டு ஏழைகள்

எங்களைப் போல வசதியாக ஏழைகளாக இருந்தவர்கள் கானாடுகாத்தான் வட்டாரத்திலேயே கிடையாது. பர்மா தேக்குத் தூண், ஆளுயரக் கண்ணாடி, கால் வைத்தால் சில்லிடும் தரை என்று எல்லாவற்றுக்கும் நடுவில் ரேஷன் அரிசிச் சோறு தின்று வளர்ந்தவள் நான். வீடு மெட்ராஸில் இருந்த ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியுடையது. அப்பா அதற்குக் காவல். நாங்கள் இருந்தது வீட்டின் பின்கோடியில், அடுப்படியை ஒட்டிய ஒரே அறையில்.

அப்பாவுக்கு மட்டும் இது அடிக்கடி மறந்துபோகும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போனால் பேச்சு வேறு மாதிரி வரும். "ஏழை ஏழைங்கறானுக. நோகாமத் திங்கணும்னு நெனைக்கிறவன்தான் ஏழை. கவுர்மெண்டு எத்தனை பேருக்குத்தான் ஊட்டிவிடும்?" இந்தப் பிரசங்கம் மதியம் வரை நடக்கும். பிறகு வந்து சாப்பிட்டுவிட்டு, முகப்பில் துண்டை விரித்துச் சாயங்காலம் வரை தூங்குவார். அந்த நேரம் முழுக்க அம்மா கல்யாண வீடுகளுக்காகக் கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் பத்தாவது படித்தபோது, ஆச்சி ஆளனுப்பினார். வீட்டைப் பிரித்து மரத்தை விற்கப்போகிறார்களாம். தூண் போனால் அவருக்குப் பணம், எங்களுக்குத் தெரு. அதே வாரம்தான் இலவச வீட்டுக்கு ஏழைகளைக் கணக்கெடுக்க ஆபீசர் வருகிறார் என்ற செய்தியும் வந்தது. எப்படியாவது பெயரைச் சேர்த்துவிட வேண்டும் என்று அம்மா துடித்தாள். ஆனால் அடுத்த தெருவில் எங்களைப் போலவே காவல் இருந்த குடும்பத்துக்குப் போன தடவை கிடைக்கவில்லை. தூண்களை அண்ணாந்து பார்த்த ஆபீசர், "அரண்மனையில இருக்கவங்களுக்கு எதுக்குங்க வீடு?" என்று போய்விட்டாராம்.

அம்மா யோசித்தாள். எங்கள் வட்டாரத்துப் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். பின்வாசலை ஒட்டிக் கிடந்த காலி இடத்தில் கம்பு நட்டு, கீற்று வேய்ந்து, சட்டி பானையோடு என்னையும் கூட்டிக்கொண்டு குடியேறிவிட்டாள். "இது பொய்யில்லையாம்மா?" என்றேன்.

"நாம நெசமாவே ஏழைதான்டி. அது வெளிய தெரியலைன்னா நம்ம குத்தமா?"

"பிச்சைக்கார வேசமெல்லாம் நான் போட மாட்டேன்" என்று அப்பா பெரிய வீட்டிலேயே இருந்துவிட்டார். சாப்பாட்டு வேளைக்கு மட்டும் பின்வாசல் வழியாக வறுமைக்குள் இறங்கி வருவார். தின்று முடித்ததும் மறுபடி செல்வத்துக்குள் போய்விடுவார்.

ஆபீசர் வந்தார். வெளியூர்க்காரர், யாரையும் தெரியாது. புருஷன் எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்காக என்றாள் அம்மா. சொல்லி வாய் மூடவில்லை, வேடிக்கை பார்ப்பதற்காக அப்பா பின்வாசலில் வந்து நின்றார், சலவை வேட்டியோடு. நான் "அப்பா" என்று கத்திவிடுவேனோ என்று அம்மா ஒரு முறுக்கை என் வாயில் திணித்தாள்.

ஆபீசர் வேட்டியைப் பார்த்ததும் கும்பிட்டார். "ஐயாவுக்கு இந்தப் பெரிய வீடுங்களா?"

"இங்கனதான் இருக்கேன்" என்றார் அப்பா.

ஆபீசர் அவர் பக்கமாகப் போய்க் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எங்களுக்குக் கேட்டது. "நீங்க சொன்னாச் சரியா இருக்கும். இந்தம்மா நெசமாவே கஷ்டப்படுறவங்களா, இல்ல சோம்பேறித்தனமா? உழைச்சா முன்னுக்கு வந்துரலாமே. இவங்களுக்கு எல்லாம் ஓசியில வேணும்."

எல்லாம் அப்பாவின் டீக்கடை வசனம். அவர் தலையை ஆட்டினால் போதும், வீடு போச்சு. அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினேன்.

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பாத்துச் சோம்பேறிங்கறீக? விடியமுன்ன எந்திரிச்சு நடவுக்குப் போவுது. வந்து ஒலை வைக்குது. முறுக்குச் சுத்த உக்காந்துச்சுன்னா முதுகு நிமிரத் தெரியாது. காச்சல்லயும் உக்காந்து சுத்துவா... சுத்தும். பாடுபட்டா முன்னுக்கு வரலாம்னா, சார், இந்தப் பெரிய வீடு இந்தம்மாவோடதால்ல இருக்கணும்?"

ஆபீசர் அசந்துபோனார். "அப்ப, புருஷன் சரியில்லையோ?"

அப்பா சலவை வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவனும் நல்லவன்தான். வாய்தான் சாஸ்தி."

ஆபீசர் அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டு போனார். மறு வருடம் ஊருக்கு வெளியே தளம் போட்ட ஓர் அறை வீடு கிடைத்தது. அதற்குள் இங்கே தூண்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் எனக்கு வீடு கிடைத்த நாளைவிட அந்த மதியம்தான் நினைவிருக்கிறது. ஆபீசர் தெரு திரும்பியதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "இத்தனை வருசத்துல இதை ஒரு நா எங்கிட்டச் சொல்லியிருக்கீகளா?"

"ஆபீசர் கேட்டாரு, சொன்னேன். நீ எங்க கேட்ட?"

அம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "இப்பக் கேக்கறேன். சொல்லுங்க."

அப்பா குடிசைக்குள் குனிந்து வந்து, முறுக்கு மாவுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.